காதல் படத்தின் முடிவு முன்பே தெரிந்துவிட்டால் என்ன? திருகோணமலையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருகோணமலை நகரில் சிடி, டிவிடி வாடகைக்குக் கொடுத்த ஒரு கடையில் சில காலம் நின்றவன் நான். அந்த இடத்தில் இப்போது போன் கவர் விற்கிறார்கள். கடை போனாலும் காதல் படங்களைப் பற்றிய கேள்விகள் விட்டபாடில்லை. கல்யாண வீட்டில், கொழும்பு பஸ்ஸில், டச்பே கடற்கரையில் கச்சான் கொறிக்கிற நேரத்தில் எல்லாம் யாராவது கேட்பார்கள். அடிக்கடி வருகிறவற்றுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். சில படங்களின் முடிவு வெளியே வரும். அது பிடிக்காதவர்கள் இப்போதே எழுந்து போகலாம்.

காதல் படங்கள் எல்லாம் ஏன் ஒரே கதையாக இருக்கின்றன?

ஒரு பெடியனும் ஒரு பெட்டையும் சந்தித்து, பிடித்துப்போய், வீட்டில் சொல்லி, வீட்டாரும் சம்மதித்து, தாலி கட்டினால் அதற்குப் பெயர் கல்யாண வீடியோ. அதைச் சொந்தக்காரர்களே முழுதாகப் பார்ப்பதில்லை. படமாக வேண்டும் என்றால் இரண்டரை மணித்தியாலம் அந்த இருவரையும் பிரித்து வைக்க ஒரு காரணம் தேவை. உலகத்தில் அந்தக் காரணங்கள் அவ்வளவு அதிகம் இல்லை. வீடு, சாதி, சமயம், காசு, நோய், தூரம், இன்னொரு மாப்பிள்ளை, வாய்விட்டுச் சொல்லாத தயக்கம். எண்ணினால் பத்து விரலும் தேவைப்படாது.

அதற்கு மேல் இடைவேளை என்று ஒன்று இருக்கிறது. நம் படங்கள் நடுவில் ஒருமுறை நிறுத்தித்தான் எழுதப்படுகின்றன. டீ குடிக்க வெளியே போனவர் திரும்பி வர வேண்டும் என்றால், போவதற்கு முன் ஏதோ ஒன்று உடைய வேண்டும். ஆகவே முதல் பாதியில் சந்தோஷம், இடைவேளைக்குச் சற்று முன் அப்பாவின் கண்ணில் படுதல், அதன் பிறகு கஷ்டகாலம். கடிகாரம் பார்க்காமலே நேரம் சொல்லிவிடலாம்.

முடிவு தெரிந்த படத்தை எதற்காகப் பார்க்க வேண்டும்?

வைகாசி மாதத்தில் கிழக்கு மாகாணத்தின் கண்ணகி அம்மன் கோயில்களுக்குப் போய்ப் பாருங்கள். கதவு திறந்து, கண்ணகியின் கதையைப் பாடும் வழக்குரையைப் படிக்கத் தொடங்கும்போதே, கேட்டுக்கொண்டிருக்கும் அம்மம்மாவுக்கும் தெரியும், பக்கத்தில் இருக்கும் பேத்திக்கும் தெரியும், சிலம்பு விற்கப் போகிற கோவலன் திரும்பி வரமாட்டான் என்று. போன வருடமும் அவன் வரவில்லை. இருந்தும் அம்மனைக் குளிர்விக்கும் கடைசிச் சடங்கான குளிர்த்தி வரைக்கும் கோயிலுக்குப் போகிறார்கள், அந்த இடம் வந்தால் கண் துடைக்கிறார்கள். முடிவு தெரியாததால் வருகிற கண்ணீர் இல்லை அது. முடிவு தெரிந்தவர்களுக்குத்தான் கோவலன் வாசலைத் தாண்டும்போதே நெஞ்சு அடைக்கும்.

1997இல் வந்த டைட்டானிக் படத்தையும் பாருங்கள். கப்பல் 1912இல் மூழ்கியது என்பது தியேட்டரில் இருந்த எல்லாருக்கும் தெரியும். போதாததற்குப் படத்தின் தொடக்கத்திலேயே, கப்பல் எப்படிப் பிளந்து எப்படி மூழ்கியது என்று கணினியில் ஒரு குட்டிப் படம் போட்டுக் காட்டிவிடுகிறார்கள். பிறகு உண்மையான காட்சி வரும்போது ‘இனி என்ன நடக்கும்’ என்று குழம்ப எதுவும் இல்லை. கண் முழுதாக மனிதர்கள் பக்கம் போய்விடுகிறது.

இதைப் பரிசோதித்தும் பார்த்திருக்கிறார்கள். கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் சான் டியாகோ வளாகத்தைச் சேர்ந்த இரண்டு உளவியலாளர்கள் 12 சிறுகதைகளை எடுத்து, சிலருக்கு முடிவைச் சொல்லிவிட்டும் சிலருக்குச் சொல்லாமலும் படிக்கக் கொடுத்தார்கள். 2011இல் வந்த அந்த ஆய்வில், பொதுவாக முடிவு தெரிந்து படித்தவர்களே கதையைக் கூடுதலாக ரசித்திருந்தார்கள். இதற்கு எதிரான முடிவு சொல்லும் ஆய்வுகளும் பிறகு வந்தன. ஆகவே இதை வைத்துக்கொண்டு யாரோடும் பந்தயம் கட்ட வேண்டாம். எப்படியும் கொலைகாரன் யார் என்று தேடும் படத்துக்கும் காதல் படத்துக்கும் இந்த விஷயத்தில் ஒரே சட்டம் செல்லாது.

முடிவைத் தெரிந்துகொண்டுதான் படத்தை வாடகைக்கு எடுப்பேன் என்பவர்களை என்ன சொல்வது?

ஒன்றும் சொல்லக்கூடாது. கடையில் நிற்கும்போது எனக்கு அதிகம் வந்த கேள்வியே அதுதான். நடிகர் யார், பாட்டு யார் என்பதெல்லாம் பிறகு. மட்டையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, ‘தம்பி, இது கடைசியில சேருறதா, சாகிறதா?’ என்பார்கள். சேருகிற படம் என்றால் அப்போதே கைப்பையைத் திறப்பார்கள். சாகிற படம் என்றால் மட்டை மெல்ல மேசைக்குத் திரும்பி வரும். ‘வேண்டாம் தம்பி, வீட்டில இருக்கிற சோகமே காணும்’ என்று ஒரு அக்கா சொன்னார். இந்த ஊரில் அந்தப் பேச்சுக்கு மேல் விளக்கம் கேட்க யாருக்கும் வாய் வராது. முடிவு தெரியாத கதைகளோடு வருடக்கணக்காக இருந்தவர்கள், ஒரு சனிக்கிழமை இரவுக்காவது முடிவு நிச்சயமான ஒன்றைக் கேட்பது நியாயம்தான்.

நேர்மாறாகவும் ஆட்கள் உண்டு. கிண்ணியாவிலிருந்து வரும் ஒரு நானா, சேருகிற படமே எடுக்கமாட்டார். ‘சேர்ந்தா பிறகு என்ன இருக்கு, அரிசி விலைதானே’ என்பார்.

இந்த ‘ஃபார்முலா’ சினிமா கொண்டுவந்ததா?

சினிமா பிறப்பதற்கு ஏறக்குறைய இரண்டாயிரம் வருடம் முன்பே தமிழில் இது இருந்தது. சங்க காலக் காதல் பாட்டான அகப்பாட்டில் தலைவன், தலைவி, தோழி, செவிலித்தாய். யாருக்கும் பெயர் இல்லை, வைக்கவும் கூடாது என்று தொல்காப்பியமே விதி சொல்கிறது. மலை என்றால் கூடல், காடு என்றால் காத்திருத்தல், வயல் என்றால் ஊடல், கடற்கரை என்றால் ஏங்கி இரங்கல், பாலை என்றால் பிரிவு. முதல் அடியில் புன்னையும் நாரையும் வந்தால் கேட்பவருக்கு மிச்சம் விளங்கிவிடும். அந்தக் கணக்கில் திருகோணமலை முழுக்க நெய்தல், அதாவது கடற்கரை. இங்கே காதலித்தால் அழுதுதான் ஆக வேண்டும் போலிருக்கிறது.

இன்றைய படங்களின் கட்டங்களையும் அங்கேயே பார்க்கலாம். வீட்டில் சொல்ல முடியாத காதலைத் தோழி பக்குவமாகத் தாயிடம் எடுத்துச் சொல்வது அறத்தொடு நிற்றல். நம் படங்களில் நாயகியின் சிநேகிதி செய்கிற வேலை அதுதான், இடையில் கொஞ்சம் நகைச்சுவை சேர்ந்துவிட்டது. இருவரும் ஊரை விட்டுப் போவது உடன்போக்கு. காசு தேடித் தலைவன் போவது பொருள்வயிற் பிரிவு. கட்டாருக்குப் போனாலும் கனடாவுக்குப் போனாலும் அதே துறைதான்.

அப்படியானால் நூற்றுக்கணக்கான புலவர்கள் ஒரே கதையை எழுதியும் அலுக்காதது ஏன்? கதை ஏற்கெனவே எல்லாரிடமும் இருந்ததால் புலவர் அதைச் சொல்வதில் ஓர் அடியும் வீணாக்கவில்லை. தலைவி அந்த மாலையில் எதைப் பார்த்தாள், எந்தப் பறவை கத்தியது, தோழி எதைச் சொல்லாமல் விட்டாள் என்பதற்கே பாட்டு முழுதும் கிடைத்தது. நல்ல காதல் படமும் இந்தச் சலுகையைத்தான் பயன்படுத்துகிறது. மோசமான படத்துக்கும் அதே சலுகை உண்டு. அது மிச்சமான நேரத்தில் மூன்று சண்டைக் காட்சி வைக்கிறது.

சேராமல் முடிந்தால் அது வித்தியாசமான படமா?

இல்லை. சோக முடிவும் பழைய தடம்தான். சரத்சந்திரரின் வங்க நாவலிலிருந்து வந்த தேவதாஸ் 1953இல் தமிழில் ஓடியதிலிருந்து, குடித்துச் சாகிற காதலனுக்கு நம்மிடம் பஞ்சம் இல்லை. 1991இல் வந்த இதயம் படத்தில் நாயகன் காதலைச் சொல்லவே மாட்டான். அதற்குப் பிறகு சொல்லாத காதலர்கள் ஒரு பெரும் வரிசையாக வந்தார்கள்.

இதில் எனக்குப் பிடித்த உதாரணம் 2010. கௌதம் மேனன் ஒரே கதையைத் தமிழிலும் தெலுங்கிலும் வேறு வேறு நடிகர்களை வைத்து எடுத்தார். இரண்டும் ஒரே நாளில் வெளிவந்தன. தமிழில் விண்ணைத்தாண்டி வருவாயா. நாயகி ஜெஸ்ஸி வேறொருவரை மணந்துகொண்டு போய்விடுகிறாள். தெலுங்கில் ஏ மாய சேசாவே. அங்கே இருவரும் சேருகிறார்கள். இரண்டு ஊரிலும் சனங்கள் விரும்பிப் பார்த்தார்கள். முடிவுதான் படத்தின் உயிர் என்றால் இது நடந்திருக்கக்கூடாது. இரண்டிலும் பொதுவாக இருந்தது அந்தப் பெண்ணின் குழப்பம்: இன்று ஆம், நாளை இல்லை, மறுநாள் ஒரு மெசேஜ். ஆட்கள் பிறகு பேசியதும் அதைத்தான்.

சோகமாக முடித்தும் அலுக்காத படத்துக்கு, மட்டக்களப்பில் பிறந்த பாலு மகேந்திராவின் மூன்றாம் பிறை (1982) இருக்கிறது. நினைவை இழந்த பெண்ணுக்கு நினைவு திரும்பினால், இடையில் பார்த்துக்கொண்டவனை அவள் மறந்துவிடுவாள். இதைக் கொஞ்சம் யோசிப்பவர் பாதியிலேயே பிடித்துவிடுவார். பிடித்தும் பயனில்லை. ரயில் நிலையத்தில் அவளுக்குத் தன்னை ஞாபகப்படுத்த அவன் கோமாளித்தனம் செய்து காட்டுவான் என்பதை யாரும் ஊகித்திருக்க முடியாது. அவள் அவனைப் பைத்தியம் என்று நினைத்துவிட்டுப் போகிறாள். என்ன நடக்கும் என்பதை நமக்கு விட்டுவிட்டு, எப்படி நடக்கும் என்பதை பாலு மகேந்திரா தன் கைக்குள் வைத்துக்கொண்டார்.

விமான நிலையத்துக்கு ஓடுகிற காட்சியை எப்போது நிறுத்துவார்கள்?

நிறுத்தமாட்டார்கள். ஆனால் எங்கள் ஊர் ஆட்களிடம் அந்தக் காட்சி எடுபடாது. அதற்குக் காரணம் வீதி. திருகோணமலையிலிருந்து கட்டுநாயக்காவுக்கு வான் பிடித்தால் ஹபரணை, குருநாகல் என்று பாதி இரவு போய்விடும். காதலி போகிறாள் என்று காலையில் தெரிந்து ஓடத் தொடங்கும் நாயகன், அங்கே இறங்கும்போது அவள் டுபாயில் அடுத்த விமானத்துக்குக் காத்துக்கொண்டிருப்பாள்.

அதோடு, வழியனுப்புவது என்றால் எங்களுக்கு வேறு படம் ஞாபகம் வரும். வானுக்குள் பன்னிரண்டு பேர். கடைசி நேரத்தில் தராசில் பெட்டியின் பாரம் கூடி, நடுவழியில் திறந்து, மிளகாய்த்தூளா கருவாடா எதை எடுப்பது என்று அம்மாவுக்கும் பெரியம்மாவுக்கும் சண்டை. நெற்றியில் கோயில் திருநீறு. உள்ளே போகிற வாசலில், கடவுச்சீட்டை எடுக்கும் அவசரத்தில் அழக்கூட நேரம் கிடைப்பதில்லை. அழுகை திரும்பி வரும்போது குருநாகல் பக்கம் வரும், சாப்பாட்டுக் கடையில் ஒரு கோப்பை கூடுதலாக வாங்கிவிட்டால். இதை யாராவது படமாக எடுத்தால் முடிவு தெரிந்தே பத்துத் தரம் பார்ப்பேன்.

கைத்தொலைபேசி வந்த பிறகும் ஏன் பழைய தவறான புரிதலையே வைத்து ஓட்டுகிறார்கள்?

சோம்பல். 1996இல் காதல் கோட்டை வந்தபோது, இருவர் ஒருவரையொருவர் பார்க்காமலே கடிதத்தில் காதலிப்பது நம்பக்கூடியதாக இருந்தது. முகம் தெரியாமல் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும் காட்சிகளே படத்தைத் தூக்கிப் பிடித்தன. இன்று அதே கதைக்கு ஒரு புரொஃபைல் படம் போதும், முடிந்துவிடும். ஒரு கோல் எடுத்தால் தீர்ந்துபோகிற பிரச்சினைக்காக நாயகன் ஒரு மணித்தியாலம் தாடி வளர்த்தால், ‘எடுத்துக் கேளன்டா’ என்று பஸ்ஸில் பின்சீட்டிலிருந்தே சத்தம் வரும். நான் கேட்டிருக்கிறேன்.

போன் காதலைச் சுலபமாக்கவில்லை என்பதும் உண்மை. மெசேஜ் பார்த்தாயிற்று, பதில் இல்லை. கடைசியாக எத்தனை மணிக்கு ஆன்லைனில் இருந்தாள் என்று பார்த்துக்கொண்டு முழித்திருக்கிற இரவு, எந்த வில்லனையும் விடக் கொடியது. தடை வெளியிலிருந்து உள்ளே வந்துவிட்டது. 2000இல் அலைபாயுதே அந்தத் திசையில் ஒரு அடி வைத்தது: யாருக்கும் தெரியாமல் கல்யாணம் முன்பே முடிந்துவிடுகிறது, பிறகுதான் சண்டை. கடைசியில் ஒரு விபத்தை வைத்து எல்லாவற்றையும் கட்டிவைத்தார்கள் என்பது என் மனக்குறை.

வழக்கமான காட்சிகளில் உண்மையிலேயே கெடுதலானது எது?

பின்னால் திரிவது. அவள் வேண்டாம் என்கிறாள், அவன் தொடர்கிறான், அவள் திட்டுகிறாள், அவன் பாடுகிறான், ஒரு நாள் அவள் சிரித்துவிடுகிறாள். மழையும் குடையும் அலுப்புத் தரும், அவ்வளவுதான். இந்தக் காட்சி வேறு மாதிரி. இங்கே முடிவு முன்பே தெரிவதுதான் பிரச்சினை. ‘இல்லை’ என்பது ‘ஆம்’ என்பதன் முதல் படி என்று இருபது படம் பார்த்தவனுக்கு மனப்பாடமாகிவிடும்.

மாலை ரியூஷன் விடுகிற நேரம் பாருங்கள். பிள்ளைகள் சைக்கிளில் மூன்று நான்கு பேராகச் சேர்ந்து வருவார்கள். பின்னால் ஒரு மோட்டார் சைக்கிள், வேகத்தைக் குறைத்துக் குறைத்து, போனில் ஒரு படப்பாட்டும் போட்டுக்கொண்டு. அந்தப் பிள்ளை மறுநாள் பாதை மாற்றுகிறது. பிறகு வகுப்பையே நிறுத்திவிடுகிறார்கள், ‘எதுக்குப் பிரச்சினை’ என்று. படத்தில் அந்த மூன்றாவது காட்சி வருவதே இல்லை. முடிவை மாற்றச் சொல்லி நான் கேட்பது இந்த ஒரு வகைக்குத்தான்.

வெளிநாட்டிலும் இப்படித்தானா?

அங்கே இன்னும் வெளிப்படை. அமெரிக்காவின் ஹால்மார்க் சேனல் நத்தார் காலத்துக்கென்று வருடாவருடம் காதல் படங்களை வரிசையாகத் தயாரிக்கிறது: நகரத்தில் வேலை செய்யும் பெண், சொந்த ஊர், அங்கே ஒருவன், கடைசியில் பனியும் முத்தமும். பார்ப்பவர்கள் அலங்காரம் செய்துகொண்டே பார்க்கிறார்கள், எதையும் தவறவிட்டதாக நினைப்பதில்லை. மில்ஸ் அண்ட் பூன் 1908இலும் ஹார்லெக்வின் 1949இலும் தொடங்கின. நல்லபடி முடியும் என்ற உறுதியை அட்டையிலேயே விற்றுப் பெரிய வியாபாரமானவை இரண்டும். கொரிய நாடகம் பார்க்கிற தங்கச்சிமார் இதை எனக்கு மேல் விளக்குவார்கள்.

லவர்ஸ் லீப் கதையைப் படமாக எடுத்தால் ஓடுமா?

ஓடும், ஆனால் தவறான பாதியை எடுப்பார்கள். வெளியூர் ஆட்களுக்காகச் சொல்கிறேன்: ஃபிரெட்ரிக் கோட்டைக்குள் மான்களைக் கடந்து கோணேசர் கோயிலுக்கு ஏறினால், கடலுக்கு நேர் செங்குத்தாக விழும் பாறை வரும், அதுதான் லவர்ஸ் லீப். ஃபிரான்சினா வான் ரீட் என்ற ஒல்லாந்தப் பெண், தன்னைக் கைவிட்டுக் கப்பலேறிய காதலனைப் பார்த்துக்கொண்டே இங்கிருந்து குதித்தாள் என்பது கதை. அவள் பெயரும் 1687 என்ற ஆண்டும் பொறித்த தூணும் உண்டு. வழிகாட்டிகள் சொல்லும் கதை இத்தோடு முடிகிறது.

பழைய ஆவணங்களைத் தேடியவர்கள் எழுதியிருப்பது வேறு. அந்த ஆண்டுக்குப் பிறகும் அவள் உயிரோடிருந்தாள், இரண்டாவது கல்யாணமும் செய்தாள். பாறையில் நின்று கேட்பவர்களிடம் இதைச் சொன்னால் முகம் சுருங்கிவிடும். குதித்தவள்தான் வேண்டும் அவர்களுக்கு. எனக்கோ அந்தக் கல்யாணம்தான் வேண்டும். ஊர் முழுக்க அவள் செத்ததாகப் பேச, அவள் இன்னொருவனோடு சாப்பாட்டு மேசையில் இருக்கிறாள். இரண்டாம் பாதி முழுதும் எழுதப்படாமல் கிடக்கிறது.

பக்கத்தில் இருந்து அடுத்த காட்சியைச் சொல்லிக்கொண்டே இருப்பவரை என்ன செய்வது?

கச்சான் சரையை அவர் கையில் கொடுங்கள். அதற்கும் அடங்காவிட்டால் ‘சரி, அவள் இப்போது என்ன உடுப்பில் வருவாள்?’ என்று கேளுங்கள்.

சரி, முடிவு தெரிந்தும் அலுக்காத ஒன்றை இன்று இரவே பார்க்க வேண்டும். எதை?

மௌன ராகம், 1986, மணிரத்னம். விருப்பமில்லாமல் கல்யாணம் செய்து டெல்லிக்குப் போன பெண், என்ன பரிசு வேண்டும் என்று கேட்கும் கணவனிடம் விவாகரத்துக் கேட்கிறாள். ஒரு வருடம் பொறுக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. அந்த நொடியிலேயே உங்களுக்கு முடிவு தெரிந்துவிடும், ரயில் நிலையம் உட்பட. அதற்குப் பிறகு அந்த வீட்டுக்குள் ரேவதியும் மோகனும் ஒருவரையொருவர் எப்படி விலகி நடக்கிறார்கள், யார் முதலில் பேச்சை ஆரம்பிக்கிறார்கள், யார் எழுந்து போகிறார்கள் என்று மட்டும் பாருங்கள். பாட்டு வந்தால் ஓட்டிவிட வேண்டாம், இளையராஜா.